சொல்மேயின் ஏழு பேர்

2031 மே 12, திங்கட்கிழமை. இன்றைய தவறு: பியோ ஐயாவிடம் தொலைபேசியில் பேசும்போது ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொல்லிவிட்டேன். "இருக்கிறார்" என்பதோடு நிறுத்தியிருக்க வேண்டும். "சிவப்பு மண் கலந்த தண்ணீரில் கிடைத்தார்" என்றும் சொன்னேன். காரணம்: அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். சிறிய தவறு. இனி நடக்காது.

எழுதி முடித்த பிறகு யூரிம் 'சிறிய' என்ற சொல்லைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அடித்துவிடலாமா என்று பேனாவைக் கொண்டுபோனாள். அடித்தால் பெரிய தவறு என்று ஆகிவிடுமோ என்று தோன்றியது. அப்படியே விட்டுவிட்டாள்.

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் மாலை வகுப்பில் வந்தது. தென்கொரியாவின் முன்சன் ஊரில் நீர்ப் பரிசோதனைச் சான்றிதழுக்கான வகுப்பு. முதல் நாளே ஆசிரியர் சொன்னார்: அன்றைய தவறை முதலில் எழுதுங்கள், வேலையைப் பிறகு எழுதுங்கள். மற்ற மாணவர்கள் இரண்டு வாரத்தில் விட்டுவிட்டார்கள். யூரிம் விடவில்லை. கதவைப் பூட்டிவிட்டு, தெருமுனைவரை போனபின் பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவள் அவள். தவறுகளை எழுத அவளுக்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை.

பகலில் அவளுக்கு இம்ஜின் ஆற்றங்கரையில் ஒரு நீர்ப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அந்த ஆறு வடக்கே மலைகளில் பிறக்கிறது. எண்பது ஆண்டுகளாக மனிதர் யாரும் தாண்ட முடியாத கோட்டைத் தாண்டித் தெற்கே வருகிறது. மனிதர்கள் தாண்டினால் சுடுவார்கள். தண்ணீரைச் சுட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்தத் தண்ணீரைத்தான் யூரிம் தினமும் குப்பிகளில் பிடித்தாள்.

நிலையத்தில் அவளைத் தவிர இருந்தவள் கில் மிசன். நாற்பதைத் தாண்டியவள், வடக்கே தங்கிவிட்ட உறவினரைத் தண்ணீரில் தேடும் இயந்திரத்தை உருவாக்கிய குழுவில் கடைசிவரை வேலையை விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தவள். யூரிம் அவளை அக்கா என்றே அழைத்தாள். இரத்தம் கொடுக்க வந்த ஒவ்வொரு முதியவருக்கும் கில் அதே விளக்கத்தை அலுப்பில்லாமல் சொல்வாள். பியோ தோக்சு வந்த அன்று யூரிமும் கூட இருந்தாள்.

"ஐயா, நீங்க முகம் கழுவுறீங்க, துணி துவைக்கிறீங்க, வாய் கொப்புளிக்கிறீங்க. ஒவ்வொரு தடவையும் உங்க உடம்புல இருந்து கொஞ்சம் கழண்டு தண்ணியில போகுது. வாய்க்கால்ல விழுந்து, ஓடையில விழுந்து, ஆத்துக்கு வருது. மேலே இருக்கிறவங்களோடதும் அப்படித்தான் இங்க வருது. உங்க இரத்தத்தை வெச்சு, அதுல உங்க கூடப் பிறந்தவங்களோடது இருக்கான்னு இந்த மெஷின் தேடும்."

"பல் வெளக்கினாக் கூட வருமா?" என்று பியோ கேட்டார்.

"வரும்."

"அப்போ கஷ்டம்தான். எங்க ஒக்சுன் பல் வெளக்கவே மாட்டா. நாலு வயசுல அதுக்குத்தான் தினம் அடி வாங்குவா."

கில் சிரித்துவிட்டாள். பியோ சிரிக்கவில்லை. எண்பத்தெட்டு வயது, மெலிந்த, நேராக உட்காரும் மனிதர். செத்தவர்களுடையதும் தண்ணீரில் வந்து ஏமாற்றாதா என்று அடுத்துக் கேட்டார். நாங்கள் தேடுவது இரண்டு மூன்று நாளில் சிதைந்துபோகிற பொருள், உயிருள்ள உடம்புதான் அதைத் தினமும் புதிதாக விடும் என்று கில் சொன்னாள். தண்ணீரில் தடம் இருந்தால் ஆள் இருக்கிறார் என்று பொருள். அதற்கு மேல் எதுவும் தெரியாது. முகம் தெரியாது, நோய் தெரியாது, பசி தெரியாது. இங்கிருந்து எதையும் அனுப்பவும் முடியாது. ஆறு ஒரு பக்கம்தான் ஓடும்.

மூன்றாவது வாரம் பியோவின் தங்கை கிடைத்தாள். உடன்பிறந்த பெண், வயதானவர், இருக்கிறார். யூரிம் தொலைபேசியில் சொன்னாள். பதிலுக்கு அவர் பேசியது அவள் எதிர்பார்த்ததாக இல்லை.

போர்க் குளிர்காலத்தில் ஏழு வயதுப் பையனாகச் சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தெற்கே நடந்தவர் அவர். நாலைந்து நாளில் திரும்பிவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். அப்பா அம்மாவும் தங்கையும் வீட்டில் இருந்தார்கள். கோடு விழுந்தது. பெற்றோர் எப்போது இறந்தார்கள் என்று தெரியாததால், இறந்த நாள் தெரியாதவர்களுக்கெல்லாம் வழக்கமாகச் செய்வதுபோல, சந்திரக் கணக்கில் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாளில் அவர்களுக்குப் படையல் வைத்து வந்தார். ஒவ்வோர் ஆண்டும் சோற்றில் கரண்டியை நட்டு வைக்கும்போது, இது தவறான நாள், அவர்கள் வரப்போவதில்லை என்ற நினைப்பு அவரை அரித்தது.

"ஒக்சுன் இருக்கான்னா அவளுக்கு நாள் தெரியும்மா," என்றார். "நான் தப்பான நாள்ல வெச்சாலும் அவ சரியான நாள்ல வெப்பா. அப்பா பட்டினியா இல்ல."

அதன்பின் ஓராண்டுக்கும் மேல், திங்கட்கிழமைதோறும் யூரிம் அழைப்பாள். இருக்கிறார் என்பாள். நன்றி என்று சொல்லி அவர் வைத்துவிடுவார். மே பன்னிரண்டு அன்று மட்டும், தங்கை எங்கே இருக்கிறாள் என்று ஏதாவது தெரியுமா என்று கேட்டார். கெஞ்சவில்லை, ஆனால் விடவும் இல்லை. ஒவ்வோர் ஓடைக்கும் அதன் மண் வேறு, அது குப்பியிலும் தெரியும். சிவப்பு மண் என்று யூரிம் சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த மலைப்பக்கத்தில் சிவப்பாக ஓடும் ஓடை ஒன்றுதான். அது அவருடைய ஊர் வழியாக ஓடுகிறது. தங்கை இன்னும் சொல்மேயில் இருக்கிறாள்.

அந்தச் சொல்மேயின் ஊர்த் தலைவரும் அவர்தான். வெளியார் கேட்டால் சிரிப்பார்கள். தெற்கின் அரசாங்கம் கைக்கு எட்டாத வடக்கு மாகாணங்களுக்கும் ஆளுநர்களை நியமித்து வந்தது. அவர்களுக்குக் கீழே மாவட்டத்துக்கும் ஊருக்கும் கௌரவத் தலைவர்கள். பியோவிடம் நியமன ஆணை இருந்தது, முத்திரை இருந்தது, போருக்கு முந்தைய ஒரு வரைபடம் இருந்தது. மாதம் ஒருமுறை கோட்டு அணிந்து சியோலுக்குக் கூட்டத்துக்குப் போய் வருவார். டாக்சி ஓட்டும் அவர் மகன் சங்கில், வண்டியில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்வான்: "எங்க அப்பாவுக்குன்னு ஒரு ஊர் இருக்கு. வரி கட்டத்தான் ஆள் இல்ல."

பியோவுக்கு அது விளையாட்டில்லை. தலைவர் என்றால் ஊராருக்கு ஏதாவது செய்ய வேண்டும். அத்தனை ஆண்டுகளில் அவர் செய்ய முடிந்ததெல்லாம் தெற்கே வந்து சேர்ந்த சொல்மேக்காரர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் ஒரு சங்கமாகச் சேர்த்து ஆண்டுக்கு ஒருமுறை விளையாட்டு விழா நடத்துவதுதான். கயிறு இழுப்பார்கள், மாட்டிறைச்சிச் சூப் குடிப்பார்கள், வடக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் கலைவார்கள்.

அந்த ஆண்டு விழாவுக்கு யூரிமையும் அழைத்தார். மே மாதக் கடைசி ஞாயிறு. ஒரு பள்ளி மைதானம். நுழைவாயிலில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே பேனர் கட்டியிருந்தார்கள். கொரியாவில் எந்த ஊரிலும் அது புதிதல்ல. ஒருவர் மகன் போலீஸ் வேலைக்குத் தேர்வானாலும், ஒருவர் மாடு கண்காட்சியில் பரிசு வாங்கினாலும் ஊர் முகப்பில் பேனர் ஏறிவிடும். இந்தப் பேனரில் பெரிய மஞ்சள் எழுத்தில் இப்படி இருந்தது: வாழ்த்துகள். நம் சொல்மே மண்ணில் இன்றும் நலமுடன் வாழும் நம் சொந்தங்கள் ஏழு பேர். அதன் கீழே ஏழு பெயர்கள். முதல் பெயர் பியோ ஒக்சுன்.

யூரிம் ஏழு பெயர்களையும் இரண்டு முறை படித்தாள். மற்ற ஆறு பேரும் சங்கத்துக் குடும்பங்களின் உறவினர்கள். அவர்கள் உயிரோடு இருப்பது நிலையம் சொன்னதுதான். ஆனால் சொல்மேயில் இருப்பதாக நிலையம் சொல்லவில்லை. ஒருவர் சிவப்பு மண்ணில் கிடைத்தால் மற்றவர்களும் அங்கேதான் இருப்பார்கள் என்று இவர்களே முடிவு செய்திருந்தார்கள். அது சரியும்கூட. அவள் குப்பிகளைப் பார்த்திருந்தாள்.

பியோ வந்து ஒரு கிண்ணம் சூப்பை அவள் கையில் திணித்தார். அன்று அவர் முகத்தில் இருபது வயது குறைந்திருந்தது. யூரிம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"ஐயா, பேரெல்லாம் போடணுமா?"

"பேர் இல்லாம என்னம்மா பேனர்?"

இந்தப் பெயர்கள் வடக்கே அதிகாரிகள் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று, சொல்ல வேண்டியது இன்னும் இருந்தது. ஆனால் யாரிடம், எந்த உரிமையில் என்று யோசித்தாள். தான் ஒரு தற்காலிக ஊழியர். சொல்லி, ஒன்றுமில்லை என்று ஆனால், ஒரு கிழவரின் ஒரே நல்ல நாளைக் கெடுத்தவள் ஆவாள். சூப் ஆறிக்கொண்டிருந்தது. பேரப்பிள்ளைகள் பேனருக்குக் கீழே நின்று கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாலைக்குள் அந்தப் படங்கள் எங்கெங்கோ போயிருந்தன. அன்றைய குறிப்பில் யூரிம் எழுதினாள்: தவறு, கேட்டதையே மறுபடியும் கேட்காதது.

ஜூன் முழுவதும் ஏழு பேரும் தண்ணீரில் இருந்தார்கள். ஜூலை முதல் வாரம் இல்லை.

யூரிம் முதலில் தன்னைத்தான் சந்தேகித்தாள். குப்பிகளைச் சரியாகக் கழுவவில்லையோ என்று மறுபடி கழுவினாள். குளிர்பெட்டியின் வெப்பநிலையைப் பார்த்தாள். வேறு படியில் இறங்கிப் புதிதாகத் தண்ணீர் எடுத்தாள். இயந்திரம் மற்ற இருநூற்றுச் சொச்சம் பேரை வரிசையாகக் காட்டியது. போன வாரம் இருந்தவர்கள் இந்த வாரமும் இருந்தார்கள். சிவப்பு மண்ணும் குப்பியில் இருந்தது. பேனரில் இருந்த ஏழு பேர் மட்டும் இல்லை.

கில் திரையில் பட்டியலைக் கடைசிவரை ஓட்டிப் பார்த்தாள். பிறகு, மழை என்று சொல்லிவை, தண்ணீர் கலங்கல், முடிவு வரவில்லை என்று சொல் என்றாள். யூரிம் ஏழு வீடுகளுக்கும் அழைத்து அப்படியே சொன்னாள். அடுத்த திங்களும் சொன்னாள். மூன்றாவது வாரம் அவள் அழைக்குமுன் சங்கிலின் டாக்சி நிலையத்து வாசலில் வந்து நின்றது. பியோ தடியூன்றி இறங்கினார்.

"எல்லாருக்கும் கலங்கலா? இல்ல, எங்க ஏழு பேருக்கு மட்டும் கலங்கலா?"

கில் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. என்ன நடந்திருக்கும் என்று கேட்டார். தெரியாது என்றாள் கில். வேறெங்காவது அனுப்பியிருக்கலாம். வேறோர் ஆற்றுப் பக்கம் கொண்டுபோயிருந்தால் அவர்கள் தடம் இந்தத் தண்ணீரில் வராது.

"இல்லன்னா?"

"இல்லன்னா, இல்லதான் ஐயா."

"அத்தனை ஜனத்துல எங்க ஏழு பேர எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

கில் யூரிமைப் பார்க்காமல் சொன்னாள். "பேர் மட்டும் இருந்திருந்தா அங்க ஒக்சுன்னு ஆயிரம் பேர் இருப்பாங்க. எந்த ஒக்சுன்னுக்குத் தெற்குல அண்ணன் இருக்கான்னு அங்க அதிகாரிங்களுக்கு எப்படித் தெரியும், யாரைப் பிடிச்சு விசாரிக்கிறது? ஊர் பேரையும் சேர்த்துப் போட்டா அது விலாசம், ஐயா."

நிறத்தைச் சொன்னது தான்தான் என்றாள் யூரிம். பியோ அவள் பக்கம் திரும்பினார்.

"நீ மண்ணோட நெறத்தைச் சொன்ன. மஞ்சள்ல பெரிசா எழுதச் சொன்னது நான்." பிறகு மகனைப் பார்த்து, "ஊர்த் தலைவர்டா உங்க அப்பன்," என்றார். சங்கில் அவர் கையைப் பிடித்து டாக்சிக்குக் கூட்டிப்போனான்.

ஒரு வாரம் கழித்து அவர் மறுபடி வந்தார். இந்த முறை கோட்டு அணிந்து, மார்பில் தலைவர் சின்னம் குத்தியிருந்தார். மற்ற ஆறு குடும்பங்களிடமும் பேசிவிட்டு வந்திருந்தார். அவர் கேட்டது இதுதான்: அந்த ஏழு முடிவுகளும் தவறு என்று நிலையம் அறிவிக்க வேண்டும். வடக்கே அப்படி யாரும் இல்லை, இயந்திரம் ஏமாந்துவிட்டது என்று நாடு முழுக்கத் தெரிய வேண்டும். இல்லாத அண்ணனுக்காக ஒருத்தியை எத்தனை நாள் பிடித்து வைத்திருப்பார்கள் என்றார்.

கில் மறுத்தாள். இயந்திரம் ஏழு பேர் விஷயத்தில் தவறு செய்தது என்றால் இருநூறு பேர் விஷயத்திலும் செய்யும் என்பார்கள். அரசாங்கம் பணத்தை நிறுத்திவிடும். இருநூறு வீடுகளில் திங்கட்கிழமை மணி அடிக்காது.

"அதனாலதான் மெஷின் தப்புன்னு சொல்லாதீங்க," என்றார் பியோ. "ஆள் தப்புன்னு சொல்லுங்க."

அவர் அதையும் யோசித்து வைத்திருந்தார். புத்தாண்டன்று சொல்மேக்காரர்கள் ஆற்றங்கரைக்கு வந்து வடக்கே பார்த்துப் படைப்பது வழக்கம். படைத்த மதுவை ஆற்றில் ஊற்றுவார்கள், அதே கிண்ணத்தில் தாங்களும் குடிப்பார்கள், கைகழுவுவார்கள். தண்ணீர் எடுக்கும் படிக்குச் சற்று மேலேதான் இதெல்லாம் நடக்கும். குடும்பத்தாரின் எச்சிலே தண்ணீரில் கலந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். அதைத் தண்ணீர் எடுத்தவர் கவனிக்காமல் விட்டுவிட்டார். உறவினர் என்று இயந்திரம் காட்டியது இங்கே இருக்கிறவர்களைத்தான். கேட்கிறவர்கள் நம்புவார்கள்.

ஓர் ஆண்டு முழுக்கத் தடம் வந்ததற்குப் புத்தாண்டு ஒரு நாள் கிண்ணத்தைக் காரணம் சொன்னால் எந்த விஞ்ஞானி நம்புவான் என்று கில் கேட்டாள். விஞ்ஞானிகளைப் பற்றி எனக்குக் கவலையில்லை என்றார் பியோ.

தண்ணீர் எடுத்தவர் ஒருவர்தான். அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். பியோ அவள் பெயரைச் சொல்லவில்லை. அவள் பக்கம் பார்க்கவும் இல்லை. அதுதான் யூரிமுக்குத் தாங்கவில்லை.

"நான் எழுதித் தரேன் அக்கா."

"எழுதினா உனக்குச் சான்றிதழ் கிடைக்காது. தெரியுமில்ல?"

"தெரியும்."

கில் காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். நாள்தோறும் உண்மையான தவறுகளை எழுதி வந்த யூரிம், செய்யாத ஒன்றை எழுதுவது கடினமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இருக்கவில்லை. வாக்கியங்கள் தாமாக வந்தன.

அறிவிப்பு வந்த அன்று தொலைக்காட்சிக்காரர்கள் சங்கத்து அலுவலகத்துக்கு வந்தார்கள். பியோ கேமராவைப் பார்த்து, தங்கை அந்தக் குளிர்காலத்திலேயே இறந்துவிட்டாள் என்றார். வழியில், பனியில். முதலில் அழுகையை நிறுத்தினாள், பிறகு நடுக்கத்தை நிறுத்தினாள். உதட்டில் பனி உருகாமல் கிடந்தது. சித்தப்பா அவளை ஒரு வைக்கோல் போருக்குப் பக்கத்தில் வைத்து, அவள் காலுறையைக் கழற்றித் தன்னிடம் கொடுத்தார். கிழவனின் ஆசையில் இத்தனை ஆண்டுகள் மறந்ததுபோல் இருந்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்று தலை குனிந்தார்.

பின்வரிசையில் யூரிம் உட்கார்ந்திருந்தாள். இதுதான் உண்மையோ, தண்ணீரில் வந்தது வேறு யாரோ என்று ஒரு கணம் தன் குப்பிகளையே சந்தேகித்தாள். திரும்பும்போது டாக்சியில் சங்கில்தான் கேட்டான், நீங்கள் சொன்னது நடந்ததா என்று.

"நடந்தது," என்றார் பியோ. "அது வேற ஒரு குழந்தை. பேர் தெரியாது."

மாலை வகுப்பு ஆசிரியர் யூரிமைத் தனியே அழைத்து, பதிவில் இப்படியொரு குற்றம் இருக்கும்போது தேர்வு எழுத அனுமதிக்க மாட்டார்கள் என்று வருத்தத்தோடு சொன்னார். குப்பியில் எச்சில் கலப்பது முதல் மாதத்திலேயே படிக்கிற பாடம் என்றும் சொன்னார். ஆமாம் ஐயா என்றாள். பருவம் முடியும்வரை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். கட்டிய கட்டணத்தை அவர்கள் திருப்பித் தரமாட்டார்கள்.

நிலையத்தில் அவளுக்கு வேலை போகவில்லை. அந்தச் சம்பளத்துக்கு வேறு ஆள் வரமாட்டார்கள். ஆகஸ்டு போயிற்று, செப்டம்பர் போயிற்று. சிவப்பு மண் வந்தது, ஏழு பேர் வரவில்லை.

அக்டோபர் முதல் வாரத்தில் நான்கு பேர் வந்தார்கள்.

யூரிம் ஒரே குப்பியை மூன்று முறை ஓட்டிப் பார்த்தாள். பிறகு புதுத் தண்ணீர். பிறகு கில் தன் கையால் ஒருமுறை. சந்தேகமில்லை. அதே சிவப்பு மண், அதே ஓடை. திரும்பி வந்த நால்வரில் ஒக்சுன் ஒருத்தி. மற்ற மூவரின் இடம் காலியாகவே இருந்தது.

யூரிமின் கை தொலைபேசியை நோக்கிப் போயிற்று. கில் அந்தக் கையின்மேல் தன் கையை வைத்தாள்.

"தப்பு நடந்ததுன்னு நாம சொன்னதாலதான் விட்டிருக்காங்க. இப்போ போன் பண்ணி, தப்பு நடக்கலைன்னு சொல்லப் போறியா?"

"அவர் ஒருத்தர்கிட்ட மட்டும்."

"அவர்கிட்ட சொல்லுவ. மத்த மூணு வீட்டுக்கும் யார் சொல்றது, அவங்களோடது வரலைன்னு?"

யூரிம் கையை இழுத்துக்கொண்டாள். அவரே கேட்டுக்கொண்டதும் நினைவுக்கு வந்தது. கையெழுத்திட்ட அன்று அவளை வாசல்வரை கூட்டிப் போய்ப் பியோ மெதுவாகச் சொன்னார்: "இனிமே தண்ணியில எது வந்தாலும் என்கிட்ட சொல்லாதம்மா. நான் சந்தோஷத்துல வாயைத் தெறந்தவன். மறுபடியும் தெறப்பேன். என்னை எனக்குத் தெரியும்."

ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் அந்த ஆண்டு அக்டோபர் இருபத்து நான்கில் வந்தது. பெற்றோருக்கான படையலோடு தங்கைக்கும் சேர்த்து வைக்கப்போவதாகப் பியோ எல்லோருக்கும் சொல்லியிருந்தார். சொல்மே சங்கத்தார் வந்தார்கள், பக்கத்து வீட்டார் வந்தார்கள், தொலைக்காட்சியில் அன்று பேட்டி எடுத்தவர்களில் ஒருவரும் வந்தார். பார்ப்பதற்கு ஆள் இருக்க வேண்டும் என்றுதான் அவர் எல்லோரையும் கூப்பிட்டிருந்தார். யூரிமையும் கூப்பிட்டார். தவறு செய்த பெண் வந்து மன்னிப்புக் கேட்டுப் போவதும் பார்க்கிறவர்கள் கண்ணில் பட வேண்டும்.

மாலை வெளிச்சம் இருக்கும்போதே மேசை நிறைந்திருந்தது. சோறு, சூப், பொரித்த மீன், பேரிக்காய், சீமைப்பனிச்சைப் பழம். வெள்ளைத் தாளில் மூன்று பெயர்கள் எழுதி நிறுத்தியிருந்தார்கள். சங்கிலின் மனைவி ஒக்சுன்னுக்கென்று தனியாக ஒரு சிறிய கிண்ணத்தில் சோறு வைத்தாள்; இறந்தபோது நாலு வயதுதானே என்றாள். பியோ அந்தக் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பெரிய கிண்ணம் கொண்டுவரச் சொன்னார்.

மூத்தவர் இளையவளுக்கு விழுந்து வணங்குவது முறையில்லை என்று சங்கத்தில் ஒருவர் எடுத்துச் சொன்னார். அப்பாவுக்கு முட்டியும் சரியில்லை, நான் செய்கிறேன் என்றான் சங்கில். பியோ கேட்கவில்லை. பெற்றோருக்கு வணங்கி முடித்து, மூச்சு வாங்க நின்று, தங்கையின் பெயருக்கு முன்னால் வந்தார்.

அந்த நாட்டில் உயிரோடு இருக்கிறவர்களை வணங்கினால் ஒருமுறை விழுந்து எழுவார்கள். இறந்தவர்களுக்கு இருமுறை. குழந்தைக்கும் தெரிந்த வழக்கம்.

பியோ தடியை மகனிடம் கொடுத்தார். இரு கைகளையும் நெற்றிக்கு உயர்த்தி, முட்டி மடங்கி, நெற்றி தரையில் படக் குனிந்தார். எழுந்தார். எழுந்தவர் அப்படியே நின்றார்.

கூட்டம் காத்திருந்தது. களைப்பு என்று நினைத்துச் சங்கில் ஒரு அடி முன்னால் வந்தான். பியோ தலையைச் சற்றே திருப்பி, கதவோரம் நின்ற யூரிமைப் பார்த்தார். அந்தப் பார்வை வேறெதையும் கேட்கவில்லை. ஒன்றா, இரண்டா, அவ்வளவுதான். அவள் சொல்லவே வேண்டாம். நிமிர்ந்து அவரைப் பார்த்தால் போதும்.

யூரிம் மீன் வைத்திருந்த தட்டைப் பார்த்தாள். மீனின் வாலில் ஒரு பக்கம் கருகியிருந்தது. கருகிய இடத்திலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. பேட்டி எடுத்தவர் தன் தோளுக்குப் பக்கத்தில் நிற்பதை உணர்ந்தாள். திரும்பி வராத மூவருடைய வீட்டாரும் அதே அறையில், அவளுக்கு எதிரே நின்றிருந்தார்கள். அவர்களில் ஓர் அம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உடைகள் உரசும் சத்தம் கேட்டது. பியோ இரண்டாவது முறை குனிந்தார். அதிலிருந்து எழ அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. சங்கிலும் இன்னொருவரும் அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். பிறகு எல்லோரும் உட்கார்ந்து படைத்ததைப் பகிர்ந்து சாப்பிட்டார்கள். யூரிமுக்கு ஒரு தட்டு வந்தது. பியோ அவள் அருகில் வந்து, பேரிக்காய் நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள் என்றார். அவள் எடுத்துக்கொண்டாள். அவர் வேறெதுவும் கேட்கவில்லை; அவர் கேட்கவில்லை என்பதாலேயே அவருக்கு என்ன புரிந்தது என்று அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் குறிப்பேட்டைத் திறந்தாள்.

2031 அக்டோபர் 24, வெள்ளிக்கிழமை. இன்றைய தவறு: தெரியவில்லை. அவரைப் பார்க்காதது தவறா, அங்கே போனது தவறா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் இருக்கும்வரை யாராவது ஒருவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்பார்கள். எனக்கே தெரியாமல் இருந்தால்தான் சொல்லாமல் இருக்க முடியும். கில் அக்காவிடம் பேசினேன். சரி என்றார்.

நாளை: சொல்மேயின் ஏழு குடும்பங்களின் இரத்த மாதிரிகளைத் தேடலிலிருந்து நீக்க வேண்டும். பியோ ஐயாவினுடையதை முதலில்.